சின்ன எழுத்து கேட்ட பிள்ளை

எங்கள் பிரிவில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் போன மாதம் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அனுபவத்தை ஒரு கட்டுரையாக எழுதித் தரச் சொன்னார்கள். ஓய்வு பெற்றவளுக்குப் பொழுது போகாது என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். அதற்கு முன்னால் கணினியில் ஒரு புது மென்பொருளைக் காட்டினார்கள். பாடப் புத்தகத்தை உள்ளே போட்டுவிட்டுத் திரையின் ஓரத்தில் இருக்கும் கோட்டைப் பிடித்து இழுத்தால், எழுத்து பெரிதாகிக்கொண்டே போகிறது. அம்புட்டுத்தான் மேடம், வேலை முடிஞ்சுது என்று ஒரு பிள்ளை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டது போல. புத்தகம்தானே மேடம், இதுல பயப்பட என்ன இருக்கு என்று கேட்டது.

பயப்பட என்ன இருக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. இடிக்குப் பயம், பல்லிக்குப் பயம், மாட்டுத்தாவணியில் ஓடும் பஸ்ஸில் ஏறப் பயம். என்னைக் கட்டியவர், நீ பயப்படாத ஒரே பொருள் நான்தான் என்பார். டி. கல்லுப்பட்டியில் பிறந்து, மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, தமிழில் பட்டம் வாங்கித் தட்டச்சும் பழகியபோது, ஆபத்தில்லாத வேலையாகப் பார்த்து உட்கார வேண்டும் என்பதுதான் என் லட்சியம். மேலூர் ரோட்டில், ஒத்தக்கடைக்குக் கொஞ்சம் முன்னால் இருந்த ஓர் அறக்கட்டளையில், உடல் குறைபாடு உள்ள மாணவர்களுக்குப் பாடப் புத்தகங்களை மாற்றிக் கொடுக்கும் பிரிவு இருந்தது. அதில் ஆள் எடுத்தார்கள். புத்தகமும் நாற்காலியும் மின்விசிறியும் இருந்தன. இதைவிடப் பத்திரமான இடம் ஏது என்று சேர்ந்துவிட்டேன்.

பிரிவுக்குப் பொறுப்பாளர் ஞானதாசன் சார். கணக்கு வாத்தியாராக இருந்து வந்தவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அதுதான் கஷ்டம். திட்டுகிற அதிகாரியென்றால் திட்டி முடித்ததும் நமக்கு நிம்மதி வந்துவிடும். இவர் தப்பான பக்கத்தை நம் முன்னால் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நாமே கண்டுபிடிக்கும்வரை அப்படியே நிற்பார். கண்டுபிடித்ததும், "இது இப்பிடியே போயிருந்தா யாருக்கும்மா தெரிஞ்சிருக்கும்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுவார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து நான் வீட்டில் காய் நறுக்கும்போதுகூட மனசுக்குள் பக்கங்களைச் சரிபார்த்துக்கொண்டிருப்பேன்.

அவர் கேள்வியில் நியாயம் இருந்தது. மற்ற பிள்ளைகளின் புத்தகத்தில் ஒரு வரி விட்டுப்போனால், பக்கத்துப் பிள்ளையின் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் புத்தகத்தில் இல்லாத வரி அந்தப் பிள்ளைக்கு உலகத்திலேயே இல்லை. இல்லை என்பதுகூட அதற்குத் தெரியாது. பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தால், தான்தான் படிக்காமல் விட்டுவிட்டோம் என்று நினைத்து அழுதுகொண்டு போகும்.

வேலை செய்யும் முறையையும் சொல்லவேண்டும். பார்வை குறைந்த பிள்ளைகளுக்கான பெரிய எழுத்துப் புத்தகம்தான் என் பொறுப்பு. புத்தகத்தின் முதுகை வெட்டித் தாள்களைப் பிரிப்போம். எல்லாவற்றையும் திரும்பத் தட்டச்சு செய்வோம். எழுத்துக்குப் பின்னால் பூப்போட்ட வண்ணமெல்லாம் கூடாது. கன்னங்கரேலென்ற எழுத்து, பளபளக்காத மங்கல் மஞ்சள் தாள். வலது ஓரத்தை ஒரே நேர்க்கோட்டில் இழுத்து நிறுத்தமாட்டோம், ஏனென்றால் அப்படி இழுத்தால் சொற்களுக்கு நடுவில் இடைவெளி கூடியும் குறைந்தும் வந்து, பலவீனமான கண் வழி தவறிவிடும். படங்களைத் தடித்த கோட்டில் திரும்ப வரைவோம். 'மேலே உள்ள படத்தைப் பார்' என்று மூலத்தில் இருந்தால் அதை மாற்றவேண்டும். எங்கள் புத்தகத்தில் அந்தப் படம் மூன்று பக்கம் தள்ளிப் போயிருக்கும். ஒரு சமூக அறிவியல் புத்தகம் நான்கு பாகமாக வீங்கிவிடும்.

பிறகு இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் மூலத்தைக் காற்புள்ளி உட்பட வாய்விட்டு வாசிக்க, மற்றவர் எங்கள் பிரதியில் விரல் வைத்துக்கொண்டே வருவார். கடைசியாக சாரின் மேஜை இழுப்பறையிலிருந்து மங்கல் கண்ணாடி வெளியே வரும். பழைய மூக்குக்கண்ணாடி ஒன்றில் வாசலைன் தடவி வைத்திருப்பார். அதை மாட்டிக்கொண்டு, செய்த ஆளே ஒரு பக்கம் வாசித்துக்காட்டினால்தான் புத்தகம் வெளியே போகும். முதல் தடவை அதை மாட்டியபோது எதிரே நின்ற சார் ஒரு வெள்ளைச் சட்டையாக மட்டும் தெரிந்தார். கழற்றியதும் முதல் வேலையாக அவர் முகத்தைத் தேடிப் பார்த்துக்கொண்டேன்.

எழுத்து மட்டும் என்றில்லை. அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய் தன் மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வருவார். அந்தக் குழந்தைக்குக் கைகள் இறுகிப்போய், விரலால் தாளைப் புரட்ட முடியாது. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் ஒட்டிக்கொடுத்தோம். தாள்களுக்கு நடுவே சந்து விழும், முழங்கையால் தள்ளினாலே பக்கம் புரளும். குழந்தை முதல் பக்கத்தைத் தானாகத் திருப்பியபோது எல்லோரும் கை தட்டினோம். அடுத்த மாதம் அந்தத் தாய் வந்து, ஒரு ஸ்பாஞ்சைப் பிள்ளை வாயில் போட்டுவிட்டது, விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன் டீச்சர் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நான் டீச்சர் இல்லை, ஆனாலும் வருகிறவர்களுக்கெல்லாம் லில்லி டீச்சர்தான். அவர் சிரித்தார், எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து ஒட்டுவதை நிறுத்தி, ஊசி நூலால் தைத்து, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து அனுப்பினோம்.

இதையெல்லாம் சொல்லி வந்ததே பாண்டிச்செல்வியைப் பற்றிச் சொல்லத்தான்.

ஒத்தக்கடையில் புதிது புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த பக்கம் அவள் வீடு. அப்பா அழகர்சாமி கட்டட வேலைக்காரர். அவருடைய அப்பா காலம்வரை அடுத்தவன் வயலில் கூலி வேலை பார்த்த குடும்பம். எழுதப் படிக்கத் தெரிந்து பள்ளிக்கூடத்தில் மேலே போன முதல் பிள்ளை இவள்தான். அதை அவர் எங்களிடம் ஒவ்வொரு தடவையும் சொல்வார், சொல்லும்போதெல்லாம் புதிதாகச் சொல்வது போலவே சொல்வார். அம்மா ஒரு கல்லூரி விடுதியில் சமையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பாண்டிச்செல்விக்குச் சின்னதிலிருந்தே கண் மங்கல். கண்ணாடி போட்டும் பாடப் புத்தக எழுத்து பிடிபடவில்லை. பத்தாம் வகுப்பில் நான் அவளுக்கு இருபத்துநான்கு பாயிண்ட் எழுத்தில், அதாவது சாதாரண எழுத்தைப் போல இரண்டு மடங்கில், புத்தகம் செய்தேன். நன்றாகப் படித்தாள், நல்ல மதிப்பெண் வாங்கினாள்.

பள்ளி திறக்கும்போதும் அரையாண்டுக்குப் பிறகும் பிள்ளைகளை வரவழைத்து எழுத்தளவு பார்ப்பது எங்கள் வழக்கம். ஜன்னலோரமாக உட்காரவைத்து, ஒரே பத்தியைப் பல அளவில் அச்சடித்த தாள்களைக் கொடுப்போம். எது சுகமாக இருக்கிறதோ அதைப் பிள்ளையே எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் வருஷத்துக்கு வருஷம் அளவு ஏறும். சில பிள்ளைகள் பெரிய தாளை எடுக்கும்போது பெற்றோர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் பேனாவைத் தேடுவது போலக் குனிந்துகொள்வேன்.

பிளஸ் ஒன் சேர்ந்ததும் வந்த பாண்டிச்செல்வி, பதினெட்டு பாயிண்ட் தாளை எடுத்தாள். நான் நம்பாமல் வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். இதுதான் டீச்சர் சௌகரியமா இருக்கு என்றாள். எழுத்தளவு இறங்கி நான் பார்த்ததே இல்லை. அழகர்சாமிக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைக்குப் பார்வை திரும்புகிறது என்று அவராகவே சொல்லிக்கொண்டார், யாருக்கும் மறுக்கத் தோன்றவில்லை. பத்து நாள் கழித்து அழகர்கோயிலுக்குப் போய் மொட்டை போட்டு, தலையில் சந்தனத்தோடு எங்கள் அலுவலகத்துக்கே வந்து நின்றார். எனக்கு ஒரு பொட்டலம் பூந்தி. எல்லோர் கையிலும் பூந்தி இருந்தது, சாரும் வாங்கிக்கொண்டார்.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் கொடுத்த சைக்கிளை, உறையைப் பிரிக்காமல் விற்றுவிடலாம் என்று வைத்திருந்தவர், மகளுக்கே ஓட்டப் பழக்கிக் கொடுத்தார். அவள் மேலூர் ரோட்டு வழியாகப் பள்ளிக்கும், சனிக்கிழமை எங்களிடம் புத்தகம் வாங்கவும் அதில்தான் வந்தாள்.

அரையாண்டு முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை மறுபடி அளவு பார்த்தோம். இந்தத் தடவை பதினான்கை எடுத்தாள். நான் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டிருந்தேன். சார் தேநீர் டம்ளரோடு வந்து பக்கத்தில் நின்று, பெரிய எழுத்து ஏன்மா வேண்டாம் என்று கேட்டார்.

"பெருசா இருந்தா ஒரு வார்த்தைக்கே ரொம்பத் தேட வேண்டியிருக்கு சார். சின்னதா இருந்தா முழுசா கெடைக்குது."

எனக்கு அதில் ஒன்றும் தப்பாகப் படவில்லை. சார் கையிலிருந்த டம்ளரை அவள் கன்னத்துக்குப் பக்கவாட்டில் நீட்டினார். அவள் வாசித்துக்கொண்டே இருந்தாள். ஆவி அவள் காதோரம் போனது, அவள் திரும்பவில்லை. டம்ளரை மெல்ல மெல்ல முன்னால் கொண்டுவந்தார். கிட்டத்தட்ட மூக்குக்கு நேராக வந்த பிறகுதான், "எனக்கா சார்?" என்று சிரித்து வாங்கிக்கொண்டாள். சார் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். கண் மருத்துவர் ஒருவருக்குப் போன் செய்திருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. அவர் வெளியே வந்தபோது பாண்டிச்செல்வி தேநீரைக் குடித்துவிட்டுப் புத்தகத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பிள்ளை எங்கே என்று கேட்டார். இப்போதுதான் போகிறாள் என்றேன்.

"அவ கண்ணு நல்லாகலம்மா. ஓரமெல்லாம் இருட்டிக்கிட்டு வருது. நடுவுல கொஞ்சூண்டுதான் மிச்சம் இருக்கு."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. பொத்தான் ஓட்டை வழியாகப் பார்ப்பது போல அவள் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஓட்டை சுருங்கச் சுருங்க, பெரிய எழுத்து அதற்குள் அடங்குவதில்லை. சின்ன எழுத்துதான் முழு வார்த்தையாக அடங்குகிறது. அளவு இறங்க இறங்க நாங்கள் பூந்தி தின்றிருக்கிறோம். அந்தப் பிள்ளை இப்போது பஸ்ஸும் லாரியும் பறக்கிற ரோட்டில் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறது.

சார் ஸ்கூட்டரை எடுத்தார். நான் எப்படிப் பின்னால் ஏறினேன் என்று நினைவில்லை. கொஞ்ச தூரத்திலேயே அவள் பச்சைத் தாவணி தெரிந்தது. பார்த்தால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள், அம்புட்டு நேராக ஓட்டினாள். ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் பெயர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தேன். "கூப்பிடாதீங்க. திரும்பிப் பாத்தா கோடு தப்பிரும்" என்றார் சார்.

அதனால் கூப்பிடாமல் பின்னாலேயே போனோம். வலப் பக்கம் அவளுக்கும் வண்டிகளுக்கும் நடுவே ஸ்கூட்டரை வைத்துக்கொண்டு, அவள் வேகத்துக்கே உருட்டினார். பின்னால் வந்தவர்கள் ஹாரனைப் பிய்த்து எடுத்தார்கள். ஒரு லாரிக்காரர் எட்டிப் பார்த்து, வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா என்று சாரைக் கேட்டுவிட்டுப் போனார். வாழ்நாளில் ஒரு பேச்சு வாங்காத மனிதர், காதில் விழாதது போல ஓட்டினார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆண்டவரே, ஆண்டவரே என்று என் வாய் தானாக முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

இடப் பக்கம் ஒரு சந்திலிருந்து ஷேர் ஆட்டோ ஒன்று சரேலென்று வந்தது. எங்கள் வண்டி வலப் பக்கம் இருந்தது, ஒன்றும் செய்ய வழியில்லை. நான் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினேன். ஆட்டோக்காரர் என்னைப் பார்த்தாரோ, அவளைப் பார்த்தாரோ, பிரேக்கை அமுக்கினார். சக்கரம் தரையில் தேய்ந்த சத்தம் ரோடு முழுக்கக் கேட்டது. அவள் சைக்கிளுக்கும் ஆட்டோவின் மூக்குக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கலாம். பாண்டிச்செல்வி தலையைத் திருப்பவே இல்லை. அதே வேகத்தில், அதே கோட்டில் போய்க்கொண்டிருந்தாள். இப்போதும் எனக்குத் தூக்கத்தில் வருவது அந்த ஆட்டோ இல்லை, திரும்பாத அந்தத் தலைதான்.

வீட்டு வாசலில் அழகர்சாமி நின்றிருந்தார். அன்று அவருக்கு வேலை இல்லை. எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக, பாத்தீங்களா சார், புள்ள எம்புட்டு அழகா ஓட்டுதுன்னு என்றார். சார் தண்ணீர் கேட்டார். செம்பை வாங்கி முழுவதும் குடித்தார். இன்னும் கொஞ்சம் கேட்டார். இவருக்கும் பயமாக இருக்கிறது என்று அப்போது புரிந்தது, எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச தைரியமும் போய்விட்டது. பிறகு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொன்னார். திங்கட்கிழமை கண் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருப்பதையும் சொன்னார்.

அழகர்சாமி சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகத் தலையைத் தடவிக்கொண்டார். முடி வளர்ந்திருந்தது.

"மொட்ட போட்டு நன்றி சொல்லிட்டு வந்துட்டேன் சார். இப்பப் போயி, அது இல்லன்னு சொல்லச் சொல்றீங்களா?"

சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நின்ற பாண்டிச்செல்விதான் பேசினாள். "எனக்குத் தெரியும்ப்பா. போன வருசமே தெரியும். பக்கத்துல வர்ற ஆளே தெரியாது. நீ சந்தனத்தோட வந்து நின்னப்ப, எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல."

அழகர்சாமி எழுந்து போய்ச் சைக்கிளை அவள் கையிலிருந்து வாங்கி வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சாத்தினார். இனிமேல் ரோட்டுப் பக்கமே போகவேண்டாம், பள்ளிக்கூடமும் வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. அந்த ஆட்டோவைப் பார்த்த பிறகு நானே அதைத்தான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் சார் சொன்னதையே சொன்னார்கள். போனது திரும்பாது, மிச்சம் இருப்பதும் போகும், எப்போது என்று சொல்லமுடியாது. அதற்குப் பிறகு பாண்டிச்செல்வி பள்ளிக்கு வரவில்லை. சார் இரண்டு தடவை வீட்டுக்குப் போய் அழகர்சாமியிடம் பேசிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். அவளுடைய பதினான்கு பாயிண்ட் வேதியியல் புத்தகம் என் மேஜையில் பாதியில் கிடந்தது. நிறுத்திவிடவா என்று கேட்டதற்கு, செய்யுங்கள் என்று மட்டும் சொன்னார். யாருக்கு என்று தெரியாமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு பக்கம் முடியும்போதும், இதற்குள் அந்த ஓட்டை இன்னும் எவ்வளவு சுருங்கியிருக்கும் என்று நினைப்பு ஓடும்.

புத்தகம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் அழகர்சாமி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். சார் வெளியூர் போயிருந்தார். என் எதிரில் உட்கார்ந்து, வீட்டிலேயே வைத்திருந்தால் மட்டும் கண் போவது நின்றுவிடுமா டீச்சர் என்றார். திங்கட்கிழமையிலிருந்து தானே நடத்திக் கூட்டிப்போய்ப் பள்ளியில் விடுவதாகச் சொன்னார். எனக்கு மூச்சு வந்தது. உடனே அடுத்த கேள்வி வந்தது. பதினான்குக்கு அப்புறம் என்ன எழுத்து என்றார்.

அந்தக் கேள்விக்குத்தான் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பயந்துகொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் சின்னது இருக்கிறது, அதற்கப்புறம் புள்ளி எழுத்து, விரலால் படிப்பது, கண் இருக்கும்போதே பழகிக்கொள்வது நல்லது என்றேன். காட்டச் சொன்னார். பக்கத்து அறையிலிருந்து ஒரு பிரெய்லி தாளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன்.

கட்டைவிரலால் தடவினார். மறுபடி தடவினார். அடுத்த கையால் தடவினார். சிமெண்டும் கம்பியும் தின்று தோல் பாறையாகிப்போன விரல்கள். முகத்தில் கலவரம் ஏறியது.

"ஒன்னுமே இல்லையேம்மா இதுல. வெறும் தாளுல்ல இருக்கு."

பாண்டிச்செல்வி அவர் கைக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்தாள். மெல்ல நகர்த்தி, மேலே ரெண்டு புள்ளி இருக்குப்பா, தள்ளி இன்னொன்னு இருக்கு என்றாள். எழுத்து என்னவென்று அவளுக்குத் தெரியாது, ஆனால் சொன்னது சரியாக இருந்தது.

அவர் தாளை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தார். உள்ளங்கையைத் திருப்பி, விரல் நுனிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு தன் விரல்களைப் பார்த்தார்.

"இனிமே வீட்ல பாத்திரம் வௌக்காத. செங்கலத் தொடாத, வெறகத் தொடாத. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவள் கையை விடாமலே என் பக்கம் திரும்பினார்.

"துணி சோப்புகூட ஆகாதுல்ல டீச்சர்?"